அடுப்பேறா உணவும் விருந்து மேசையும்

தமிழர் வாழ்வில் அடுப்பு வெறுஞ் சமையற் கருவியன்று. இறப்பு நிகழ்ந்த வீட்டில் அடுப்பு மூட்டுவதில்லை. அயலார் வீட்டிலிருந்தே சோறு வரும். கல்முனைப் பகுதி முஸ்லிம் மக்களிடையேயும் மரண வீட்டாருக்கு உறவினரும் அயலாரும் உணவனுப்பும் வழக்கம் உண்டு. வறுமையின் எல்லையைச் சொல்ல விரும்புவோரும் அடுப்பெரியாத வீடு என்றே சொல்வர். ஆகவே விருந்தினர் வந்த வேளையில் நெருப்புப் படாத உணவை முன்வைத்தல் இம்மண்ணின் கண்கொண்டு நோக்குமிடத்துக் குறையாகவே தோன்றும். அவ்வாறான உணவு, அதிலும் ஊன், பால், நெய், தேன் எதுவுஞ் சேராத தாவர உணவு, இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் மேலைநாட்டு நகரங்களிற் செல்வர் முன்கூட்டியே இடம்பிடித்து உண்ணும் உயர்தர விருந்தாயிற்று. அது எவ்வாறு நிகழ்ந்தது என்பதும், நாவிதன்வெளி போன்றதொரு வயற்புறத்துக்கு அதனாற் பெறப்படுவது யாது என்பதும் ஆராயத்தக்கன.

பச்சை என்னுஞ் சொல் நிறத்தையும் வாடாமையையும் வேகாமையையும் ஒருங்கே குறிப்பது. மறுபுறத்தில் 'அடு' என்னும் வினையடியாக அட்டில், அடிசில் முதலிய சொற்கள் பிறந்தன. உணவின் பழம்பெயர்களுள் ஒன்றாகிய அடிசில், சமைக்கப்பட்டது என்னும் பொருளைத் தன்னுள்ளேயே கொண்டுள்ளது. சமைத்தல் என்பதும் பக்குவமாக்குதலேயாம். வேகாதது பக்குவமுறாதது என்ற எண்ணம் மொழியின் அடித்தளத்திலேயே அமைந்துவிட்டது எனலாம்.

ஆயினும் வேகாத உணவைத் தமிழர் இழிவென ஒதுக்கினர் என்று கொள்ளுதல் தவறாகும். புறநானூற்றின் 109ஆம் பாடலிற் கபிலர், உழவர் உழாமலே பாரியின் பறம்பு தரும் நான்கு பயன்களைக் கூறுகிறார். மூங்கில் நெல், பலாப்பழம், வள்ளிக்கிழங்கு, தேன் என்னும் அந்நான்கினுள் பலாவும் தேனும் அடுப்பை நாடாதவை. முற்றுகையிட்ட வேந்தரை நோக்கி, இம்மலை உம்மாற் பட்டினிபோடப்பட மாட்டாது என்று சொல்லும் பாடல் அது. காட்டின் கொடை அங்கே வறியோர் உணவாகவன்றி ஓர் அரசின் வலிமையாகக் காட்டப்படுகிறது.

சிலப்பதிகாரத்துக் கொலைக்களக் காதையில் வருஞ் செய்தி இப்பொருளுக்கு இன்னும் நெருக்கமானது. மதுரைப் புறஞ்சேரியில் மாதரி வீட்டில் அடைக்கலம் புகுந்த கோவலனும் கண்ணகியும் சமண இல்லறத்தாராகிய சாவக நோன்பிகள் என்று கருதப்பட்டமையால், அவர்களுக்கு ஆயர் மகளிர் சமைத்த உணவைக் கொடுக்கவில்லை. காய்களும் மாங்கனியும் வாழைக்கனியும் நெல்லரிசியும் பாலும் புதுக்கலங்களும் கொடுத்தனர். கண்ணகி தன் கையாற் சமைத்தே கணவனுக்குப் படைத்தாள். சமைத்த உணவு வீட்டுக்கு வீடு மாறும்போது நோன்பும் குலமுங் குறுக்கே நிற்கும். பச்சைப் பண்டத்துக்கு அத்தடை இல்லை. தமிழ்நாட்டிலும் ஈழத்திலும் பிற்காலத்தில் இறுகிய சாதிக் கட்டுப்பாட்டின் கீழும் இதே நிலைதான். ஒருவர் சமைத்த சோற்றை மற்றவர் தொடார். ஆனால் அதே கையிலிருந்து அரிசியும் காய்கனியும் பெற்றுக்கொள்வர். ஒரு தொழிற்குடியின் பெயரைத் தன் முன்சொல்லாகத் தாங்கி நிற்கும் நாவிதன்வெளியில் இருந்துகொண்டு எண்ணும்போது இச்செய்தி தனிப்பொருள் பெறுகிறது. பழைய ஊர் வாழ்வில் எல்லைகளை எளிதிற் கடந்த உணவு வேகாத உணவே.

இக்கண்ணகியே கிழக்குக் கரையின் பெருந்தெய்வமாகவும் விளங்குகிறாள். காரைதீவு, தம்பிலுவில் முதலிய ஊர்களில் வைகாசித் திங்களில் நடைபெறுஞ் சடங்கின் நிறைவாகக் குளிர்த்தி பாடப்படும். அங்கு வைக்கும் மடையிற் பொங்கலோடு பழங்களும் தேங்காயும் இளநீரும் கமுகம்பாளையும் இடம்பெறும். சினந்த தெய்வத்தைக் குளிர்விக்கும் விழாவில் நெருப்புக் காணாத பொருள்கள் இத்துணை நிறைந்திருப்பது இயல்பே. நோன்பு திறக்கும் முஸ்லிம் ஒருவர் முதலில் வாயிலிடுவது பேரீச்சம்பழமும் தண்ணீரும்; கஞ்சி அதன்பின் வருவது. தமிழ்நாட்டில் இராமநவமியன்று வழங்கும் பானகமும், ஊறவைத்த பயற்றம்பருப்பிற் செய்யுங் கோசம்பரியும் அடுப்பை அறியாதவை. திருநெல்வேலிச் சீமையிற் சிவசைலத்து நல்வாழ்வு ஆசிரமம் தேங்காயையும் பழத்தையுமே முதன்மை உணவாக வைத்து நோயாளரைப் பேணியது. இவ்வாறு கடவுளுக்கும் நோன்பாளிக்கும் நோயாளிக்கும் உரியதாக நின்ற உணவு, விருந்தாளிக்கு மட்டும் முழு உணவாக அளிக்கப்படவில்லை. விருந்தில் அது சம்பலாகவும் பச்சடியாகவும் ஓர் ஓரத்தைப் பெற்றதோடு அமைந்தது. கல்முனை முஸ்லிம் வீட்டுச் சஹனிலும் நடுவிடம் சோற்றுக்கும் இறைச்சிக்குமே உரியது.

மேலைநாட்டிலும் தொடக்கம் நோயாளியிடமிருந்தே நிகழ்ந்தது. சுவிற்சர்லாந்து மருத்துவர் பேர்ச்சர்பென்னர் 1904இற் சூரிச் நகரில் நிறுவிய நலவாழ்வு இல்லத்தில் பச்சைக் காய்கனிகளை மருந்தாக அளித்தார். பழமும் ஊறிய தானியமுஞ் சேர்ந்த மியூஸ்லி அவர் வழியே உலகெங்கும் பரவியது. லொஸ் ஏஞ்சல்ஸ் நகரில் ஜோன் ரிக்டர், வேரா ரிக்டர் என்னுந் தம்பதியர் 1917இல் ஓர் உணவகந் திறந்து, அடுப்பில்லாமலே உணவு விற்றனர். 1948இல் நற் கிங் கோல் பாடிப் புகழ்பெற்ற 'நேச்சர் போய்' என்னும் பாடலை இயற்றிய ஈடன் ஆபெஸ் அவர்களது கூட்டத்தைச் சேர்ந்தவர். ஆயினும் அது எளிய வாழ்வை நாடியோரின் உணவகமேயன்றிச் செல்வரின் உணவகமன்று. ஊனோடு பாலையும் முட்டையையும் விலக்குவோருக்கு ஆங்கிலத்தில் வீகன் என்ற பெயரை டொனால்ட் வொட்சனும் நண்பர்களும் 1944இல் உருவாக்கினர். தமிழில் அக்கொள்கை இப்போது நனிசைவம் என வழங்குகிறது.

உண்மையான மாற்றம் கலிபோர்னியாவில் நிகழ்ந்தது. 2001இன் இறுதியில் லார்க்ஸ்பர் என்னும் சிற்றூரில் றொக்சான் கிளைன் தம் பெயரிலேயே ஓர் உணவகத்தைத் திறந்தார். ஏறத்தாழ 48 பாகை செல்சியசுக்கு மேற் சூடேறாத தாவர உணவு மட்டும் அங்கே வெண்துகில் விரித்த மேசையில், திராட்சை மதுவோடு, பல சுற்றுகளாகப் பரிமாறப்பட்டது. சிக்காகோவின் புகழ்பெற்ற சமையற் கலைஞர் சார்லி ட்ரொட்டர் 2003இல் அவரோடு சேர்ந்து நூலொன்றும் வெளியிட்டார். உணவகம் 2004இல் மூடப்பட்டது. அதே ஆண்டில் மத்தியூ கெனியும் சார்மா மெல்ங்காயிலிசும் நியூயோர்க்கில் தொடங்கிய 'பியூர் பூட் அன்ட் வைன்' நீண்ட காலம் நிலைத்தது. ஊதியங் கிடைக்காத ஊழியர் வெளிநடப்புச் செய்தபின் 2015இல் அதுவும் மூடப்பட்டது.

இவ்வுணவகங்கள் எதைச் செய்து இவ்விடத்தை அடைந்தன என்று நோக்குதல் வேண்டும். அவை பழத்தை நறுக்கி வைத்துப் பணங் கேட்கவில்லை. நியூயோர்க் உணவகத்திற் பெயர்பெற்ற ஓர் உணவு, இத்தாலியரின் லசான்யாவைப் போன்றது. மாவுத் தகட்டுக்குப் பதிலாகச் சீமைச் சுரைக்காயை மெல்லிய இதழாக அரிந்து, பாற்கட்டிக்குப் பதிலாக ஊறிய மக்கடேமியாப் பருப்பை அரைத்து, அடுக்கடுக்காக வைத்தனர். அரைத்தல், ஊறவைத்தல், முளைகட்டல், புளிக்கவைத்தல், இளஞ்சூட்டிற் பல மணிநேரம் உலர்த்துதல் என நெருப்புச் செய்யும் வேலையை மனிதக் கையும் மின்பொறியுஞ் செய்தன. ஒரு தட்டுக்குப் பின்னால் இரண்டு நாள் உழைப்பு நின்றது. விருந்து என்ற தகுதியைப் பச்சை உணவு பெற்றது இவ்வுழைப்பினாலேயாம்.

காந்தியடிகளின் நோக்கம் இதற்கு நேர்மாறானது. 1929இல் 'யங் இந்தியா' இதழில் அவர் நெருப்பிடா உணவு பற்றி எழுதி, ஆசிரமத்தாரோடு தாமும் அதனை உண்டு சோதித்தார். அச்சோதனை வெற்றிபெறின் பெண்கள் அடுப்பங்கரைச் சுமையிலிருந்து விடுபடுவர் என்பது அவர் எதிர்பார்ப்புகளுள் ஒன்று. சில மாதங்களில் வயிற்று நோய் கண்டு அதனைக் கைவிட்டார். அவர் அடுப்போடு சேர்த்து ஒழிக்க விரும்பிய உழைப்பே எழுபத்தைந்து ஆண்டுகளின் பின் அடுப்பில்லா உணவின் விலையாக அமைந்தமை வரலாற்றின் விந்தைகளுள் ஒன்றாகும். அம்மியிற் சம்பல் அரைத்த எந்தப் பெண்ணுக்கும் இது வியப்பளிக்காது. நெருப்பு இல்லையென்பதால் வேலை இல்லையென்று ஆகிவிடாது.

பச்சை என்ற சொல்லும் அவ்வளவு தூய்மையானதன்று. இவ்விருந்துகளிற் பாற்கட்டிக்கு மாற்றாகப் பெரிதும் பயன்படும் மரமுந்திரிகைப் பருப்பு, மட்டக்களப்பிலும் விளைவது. அதன் ஓட்டிலுள்ள எண்ணெய் தோலைப் புண்ணாக்கும். ஆதலின் ஓட்டை அவித்தோ சுட்டோதான் பொதுவாகப் பருப்பை எடுப்பர். பச்சை எனக் கடையில் விற்பதும் பெரும்பாலும் ஆவி கண்டதே. மரவள்ளிக்கிழங்கைப் பச்சையாக உண்பதன் கேட்டை இலங்கைக் கிராமத்தவருக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. வேகாத உணவையே உண்டு வாழ்ந்த ஐந்நூறுக்கு மேற்பட்டோரை ஆராய்ந்து ஜேர்மனிய ஆய்வாளர் 1999இல் வெளியிட்ட முடிவின்படி, நாற்பத்தைந்து வயதுக்குட்பட்ட பெண்களுள் ஏறத்தாழ 30 விழுக்காட்டினருக்கு மாதவிடாய் பகுதியாகவோ முற்றாகவோ நின்றிருந்தது. விருந்தாக ஒருவேளை உண்பது வேறு, வாழ்நாள் உணவாகக் கொள்வது வேறு.

இனி நாவிதன்வெளிக்குத் திரும்பலாம். கிட்டங்கித் தாம்போதியைக் கடந்து கல்முனையிலிருந்து மேற்கே சென்றால் விரியும் இவ்வயற்பரப்பின் இன்றைய தோற்றத்தில், 1949இல் தொடங்கப்பெற்ற கல்லோயாத் திட்டத்துக்குப் பெரும்பங்குண்டு. சவளக்கடை, அன்னமலை, மத்திய முகாம் எனத் தமிழரும் முஸ்லிம்களும் வாழும் ஊர்கள் இங்குள்ளன. இவ்வூர்களில் உயர்தர உணவகம் எதனையுந் தேடுதல் வீண். ஆனால் அவ்வுணவகங்கள் தேடி அலையும் பொருள்கள் இங்கே உண்டு. வல்லாரையை அரிந்து தேங்காய்ப்பூ, வெங்காயம், பச்சைமிளகாய், தேசிப்புளி கூட்டிப் பிசைந்தால் அது நெருப்புக் காணாத ஒரு முழுமையான பண்டமாகும். மாசி சேராவிடின் அது நனிசைவமுமாகும். இளநீரும் வழுக்கையும் மாங்காயும் நாவற்பழமும் அவ்வாறே. 2009இற் போர் முடிந்தபின் பாசிக்குடாவிலும் அறுகம்பையிலும் பெருகிய விடுதிகளுக்கும் இவை தொலைவானவையல்ல.

பொருள் இருக்கிறது, கைத்திறனும் இருக்கிறது. தடையாக நிற்பது நம்பிக்கை. அடுப்பு ஒரு பிணையாள். கழுவிய நீர் எத்தகையது, இலை வளர்ந்த மண் எத்தகையது, அரிந்த கை எத்தகையது என்று தெரியாதபோதும் கொதிநீரின் மேல் பாரத்தைப் போட்டு உண்ணலாம். அப்பிணையை விலக்கியவுடன் இம்மூன்றுக்கும் வேறொரு பிணை தேவைப்படுகிறது. நியூயோர்க்கில் அதனைச் சான்றிதழ் பெற்ற பண்ணையும் சமையற்காரரின் பெயரும் உயர்ந்த விலையும் அளித்தன. நாவிதன்வெளியில் ஒருகாலத்தில் அறிமுகம் அப்பிணையாக இருந்தது. இன்னார் வரம்பில் முளைத்த இலை, இன்னார் கிணற்று நீர் என்பது உண்போருக்குத் தெரியும்.

வயலோடு வந்த மருந்துகள் அவ்வறிமுகத்தைப் பயனற்றதாக்கின. களைநாசினி தெளிக்கும் வயலின் வரம்பிலும் வாய்க்காலோரத்திலுமே வல்லாரையும் பொன்னாங்காணியும் படர்கின்றன. நெல்லுக்குரிய மருந்து இலைக்கும் போய்ச் சேர்கிறது. வேகவைத்தாலும் முற்றாக நீங்காதது, கழுவினால் நீங்குமென்று உறுதிகூற முடியாது. கரையோரத்தின் நிலையும் நன்றன்று. 2004 டிசம்பர் 26இல் வந்த ஆழிப்பேரலை கல்முனைக் கரையோரக் கிணறுகளிற் கடல்நீரை நிரப்பியது. 2011 சனவரிப் பெருவெள்ளம் போன்ற காலங்களிற் கிணறும் மலக்குழியும் ஒரே நீர்ப்பரப்பாகிவிடும். அந்நாட்களிற் சுகாதாரப் பரிசோதகர் கொதித்தாறிய நீரைப் பருகுக என்று சொல்வதன்றி வேறென்ன சொல்லவியலும்?

2021 மே மாதத்தில் இலங்கை அரசு இரசாயனப் பசளை, கிருமிநாசினி ஆகியவற்றின் இறக்குமதியைத் தடைசெய்தபோது இந்நிலை மாறுமென்று சிலர் எண்ணினர். முன்னாயத்தமின்றி ஒரே நாளில் வந்த அத்தடை விளைச்சலைச் சரித்தது. உழவர் வீதிக்கு வந்தனர். நவம்பரில் அரசு பின்வாங்கியது. அடுத்த ஆண்டின் பொருளாதார நெருக்கடியிற் சமையல் எரிவாயுவுக்கு மக்கள் வரிசையில் நின்றனர். அப்போது நகர வீடுகளில் அடுப்பெரியாதிருந்தமையை எவரும் உயர்தர உணவு முறை என்று அழைக்கவில்லை.

இப்போது கேள்வி உணவகத்தைவிட வரம்பைப் பற்றியதாகிறது. மருந்து படாத துண்டு நிலத்தில் வல்லாரையைத் தனியே பயிரிடுதல், அதற்குத் தனி நீர் விடுதல், பறித்தவர் பெயரோடு சந்தைக்கு அனுப்புதல் என்பன பெருமுதல் வேண்டாத வேலைகள். விடுதிக்காரர் அவ்விலைக்குக் கூடுதல் விலை கொடுக்கக்கூடும். அவ்விலை பறித்த பெண்ணின் கைக்கு வருமா, கல்முனைத் தரகரோடு நின்றுவிடுமா என்பதே முதலிற் பேசித் தீர்க்கப்பட வேண்டியது. பெரும்போக மாரியிற் கிட்டங்கித் தாம்போதியின் மேல் நீர் பாயும் நாட்களில், முதல்நாட் பறித்த கட்டு மறுகரையை அடையுமுன் வாடிவிடும். வாடிய வல்லாரையைச் சுண்டலாம், சம்பலிட முடியாது.