மெல்ல உருளும் சக்கரம்: ரேடியோ கட்டுப்பாட்டுப் பாறையேறி வண்டிகளின் மோட்டாரும் கியரும்

பாறைத் தடங்களில் வண்டி ஓட்டும் வழக்கம், இரண்டாம் உலகப் போருக்குப் பின் பொதுமக்கள் கைக்கு வந்த ஜீப் வண்டிகளோடு அமெரிக்காவின் மேற்குப் பகுதியில் வளர்ந்தது. 1953-இல் கலிபோர்னியாவின் ஜார்ஜ்டவுனிலிருந்து ரூபிகன் தடம் வழியாகத் தாஹோ ஏரி நோக்கிச் சென்ற முதல் ஜீப்பர்ஸ் ஜாம்போரி, அவ்வழக்கத்துக்கு ஆண்டுதோறும் கூடும் விழாவின் வடிவத்தைக் கொடுத்தது. அத்தடங்களில் ஓட்டியவர்கள் எஞ்சினின் குதிரைத்திறனைக் காட்டிலும் வண்டியின் தவழ்வு விகிதத்தையே பெரிதாகக் கருதினர். முதல் கியரின் விகிதம், டிரான்ஸ்பர் கேஸ் எனப்படும் துணைக் கியர்பெட்டியின் தாழ்நிலை விகிதம், அச்சுக்குள் இருக்கும் இறுதிப் பல்சக்கரங்களின் விகிதம் ஆகிய மூன்றையும் பெருக்கினால் கிடைப்பது தவழ்வு விகிதம். சக்கரம் ஒருமுறை சுழல எஞ்சின் எத்தனை முறை சுழல வேண்டும் என்பதை அது காட்டும். போர்க்கால வில்லிஸ் எம்பி ஜீப்பில் ஏறக்குறைய 25.6 ஆக இருந்த அவ்விகிதம், அரை நூற்றாண்டுக்குப் பின் வந்த ரூபிகன் வகை ஜீப்புகளில் 70-ஐக் கடந்தது. எஞ்சினின் வலிமை கூடிய அளவுக்கு வேகத்தைக் குறைக்கும் ஏற்பாடும் கூடவே வளர்ந்தது என்பதை இவ்வெண்கள் காட்டுகின்றன. அதே பாதையைத்தான் மேசையளவு வண்டிகளும் பின்னர் கடக்க நேர்ந்தது.

ரேடியோ கட்டுப்பாட்டு வண்டிகளின் உலகம் தொடக்கத்தில் வேகத்தையே நாடியது. ஜப்பானின் தமியா நிறுவனம் 1981-இல் டொயோட்டா ஹைலக்ஸ் வண்டியையும் 1985-இல் புரூய்சர் வண்டியையும் மூன்று வேக கியர்பெட்டியோடு வெளியிட்டு, தாழ்கியரில் ஊர்ந்து செல்லும் இன்பத்தைச் சிலருக்கு அறிமுகப்படுத்தியது உண்மையே; ஆயினும் அவை விலை மிகுந்த தனி வகையாகவே நின்றன. பெரும்பாலான வண்டிகளில் 540 எனப்படும், ஏறக்குறைய 36 மில்லிமீட்டர் விட்டமுள்ள உருளை வடிவ மோட்டார் பொருத்தப்பட்டது. அதன் சுழலும் பகுதியில் மூன்று துருவங்கள் உண்டு. ஒவ்வொரு துருவத்திலும் செம்புக் கம்பி எத்தனை சுற்றுச் சுற்றப்பட்டிருக்கிறதோ அந்த எண்ணாலேயே மோட்டார் வகைப்படுத்தப்படுகிறது. சுற்று குறைந்தால் வேகமும் மின்னோட்டமும் ஏறும். சுற்று மிகுந்தால் வேகம் தாழும், அதே அளவு மின்னோட்டத்துக்குக் கிடைக்கும் முறுக்கு விசை கூடும். எளிய வண்டிகளோடு வந்த வெள்ளி நிற மோட்டாரில் 27 சுற்றுகள் இருந்தன; பந்தயக்காரர்கள் அதிலிருந்து கீழிறங்கிச் செல்ல, இவ்வண்டிகளைப் பாறைமீது ஏற்ற விரும்பிய பாறையேறிகள் மேல்நோக்கிச் செல்ல வேண்டியிருந்தது.

பாறையேறிகளுக்கு வாய்த்த அடித்தளம் 1987-இல் வெளிவந்த தமியாவின் கிளாட் பஸ்டர். பெருஞ்சக்கர வண்டியாக, தாவிக் குதிப்பதற்கென உருவாக்கப்பட்ட அதில் முன்னச்சு, பின்னச்சு ஒவ்வொன்றின்மீதும் தனித்தனி மோட்டாரும் கியர்பெட்டியும் இருந்தன. நான்கு சக்கரங்களும் திரும்பின. 2000-களின் தொடக்கத்தில் அமெரிக்க ஆர்வலர்கள் அவ்வச்சுகளை மட்டும் எடுத்துக்கொண்டு, தாமே அறுத்து வளைத்த சட்டங்களில் பொருத்திப் பாறைமீது விட்டனர். வளைவுகளில் இரு பக்கச் சக்கரங்களும் வெவ்வேறு வேகத்தில் சுழல இடம்தரும் டிஃபரன்ஷியல், ஒரு சக்கரம் காற்றில் தொங்கினால் விசை முழுவதையும் அதற்கே கொடுத்து வீணாக்கிவிடும் என்பதால், அதனுள் பசையை நிரப்பிப் பூட்டினர். ஆனால் வேகத்தைக் குறைப்பது அத்துணை எளிதாக இல்லை. மோட்டாரின் தண்டில் இருக்கும் சிறு பல்சக்கரமான பினியனை மாற்றுவதற்கு அக்கியர்பெட்டியில் இடம் குறுகியிருந்ததால், கியரால் செய்ய வேண்டிய வேலையை மோட்டாரைக் கொண்டே செய்ய வேண்டியதாயிற்று.

அவர்கள் கண்டெடுத்த விடை இத்துறையின் வரலாற்றில் மிகவும் போற்றத்தக்க ஒன்று. பிரஷ் மோட்டாரில், கார்பன் பிரஷ்கள் உரசும் செம்பு வளையமான கம்யூட்டேட்டர் ஓடி ஓடித் தேயும். பந்தயக்காரர்கள் அதைச் சிறிய கடைசல் எந்திரத்தில் பூட்டி மீண்டும் வழவழப்பாகச் சீவுவர். அந்தக் கடைசல் எந்திரத்தைச் சீராகச் சுழற்றுவதற்கென்றே 55 சுற்று மோட்டார் ஒன்று கடைகளில் கிடைத்தது. வேகத்தை நாடியவர்களின் பட்டறையில் பணியாளாக நின்ற அந்த மோட்டாரைப் பாறையேறிகள் வண்டிக்குள் கொண்டுவந்து வைத்தனர். இரண்டு மோட்டார்களையும் தொடர்ச்சுற்றில் இணைத்து, ஒவ்வொன்றுக்கும் பாதி மின்னழுத்தம் மட்டும் செல்லுமாறு செய்தவர்களும் இருந்தனர். அம்முறையில் ஒரு சக்கரத் தொகுதி தடைப்பட்டு நிற்கும்போது மற்றொன்று வேகமெடுத்து ஓடிவிடும் குறை இருந்ததால், அது நிலைக்கவில்லை.

2007-இல் அமெரிக்காவின் ஆக்சியல் நிறுவனம் ஏஎக்ஸ்10 ஸ்கார்ப்பியன் என்ற வண்டியை வெளியிட்டபோது, பாறையேறுவதற்கென்றே வடிவமைக்கப்பட்ட வண்டியைக் கடையில் வாங்கும் வாய்ப்பு பரவலாயிற்று. அதில் ஒரே மோட்டார் நடுவில் அமர்ந்து, நீண்ட சுழல்தண்டுகள் வழியாக இரு அச்சுகளையும் இயக்கியது. பினியனையும், அது சுழற்றும் பெரிய பல்சக்கரமான ஸ்பர் கியரையும் விரும்பியபடி மாற்ற முடிந்தது. இத்தகைய அமைப்பில் விகிதம் கணக்கிடும் முறையை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். ஸ்பர் கியரில் 87 பற்களும் பினியனில் 15 பற்களும் இருந்தால் முதற்படி 5.8, கியர்பெட்டியின் உள்விகிதம் 2.6 என்றும் அச்சுக்குள் 38-க்கு 13 பற்கள் என்றும் கொண்டால் மொத்தம் ஏறக்குறைய 44 ஆகிறது. பந்தய வண்டிகளில் இவ்வெண் பெரும்பாலும் பத்தை ஒட்டியே நிற்கும். 7.2 வோல்ட் பேட்டரியில் நிமிடத்துக்கு 15,000 முறை சுழலும் 27 சுற்று மோட்டாரை இதில் பொருத்தி, 14 சென்டிமீட்டர் விட்டமுள்ள சக்கரம் மாட்டினால் வண்டி மணிக்கு ஒன்பது கிலோமீட்டர் அளவில் ஓடும். 55 சுற்று மோட்டாரில் அது பாதியாகி, உடன் நடப்பவரின் நடைக்கு இணங்கிவிடும். ஓட்டுநர் வண்டியின் அருகிலேயே நடந்து, ஒவ்வொரு சக்கரமும் எங்கே பதிகிறது என்று பார்த்து இயக்கும் கலைக்கு இந்த வேகமே பொருந்தியது.

ஒற்றை மோட்டார் முறைக்கு ஒரு பிணி இருந்தது. சுழல்தண்டு விசையோடு சுழலும்போது அதன் எதிர்விசை சட்டத்தை ஒரு பக்கமாக முறுக்குவதால், செங்குத்தான ஏற்றத்தில் முன்சக்கரம் ஒன்று பாறையை விட்டு எழும்பிவிடும். இதனால் பாறையேற்றப் போட்டிகளில் கலந்துகொண்டோர் அச்சின்மேல் மோட்டார் என்னும் பழைய கிளாட் முறைக்கே மீண்டனர். இரண்டு மோட்டார்களுக்கும் தனித்தனி வேகக் கட்டுப்படுத்தி வைத்ததால், பின்சக்கரங்களை நிறுத்திவிட்டு முன்சக்கரங்களால் மட்டும் இழுத்து, நின்ற இடத்திலேயே வண்டியைச் சுழற்றித் திருப்பவும் முடிந்தது. தடக்குச்சிகளுக்கு இடையே புகுந்து செல்லும் அப்போட்டிகளில் குச்சியைத் தொட்டாலும் பின்வாங்கினாலும் தண்டப்புள்ளி விழும் என்பதால், சக்கரத்தைக் கால் சுற்று மட்டும் உருட்டி நிறுத்தும் கட்டுப்பாடே வெற்றியைத் தீர்மானித்தது. மோட்டாரின் உச்ச வலிமையை விளம்பரங்கள் எவ்வளவு புகழ்ந்தாலும், அது சுழலத் தொடங்கும் முதல் நொடியில் நடந்துகொள்ளும் விதமே பாறையில் பயன்பட்டது.

2009-இல் ஆக்சியல் நிறுவனத்தின் எஸ்சிஎக்ஸ்10 வந்தபின், ஆர்வம் போட்டி வண்டிகளிலிருந்து உண்மை ஜீப்பைப் போலத் தோற்றமளிக்கும் வண்டிகளுக்கு நகர்ந்தது. நெடுந்தடங்களில் நடைபயணம்போல ஓட்டப்பட்ட இவ்வண்டிகளுக்குச் சேற்றிலும் மணலிலும் சிறிது சக்கர வேகமும் தேவைப்பட்டதால், 55-க்கும் 27-க்கும் இடைப்பட்ட 35, 45 சுற்று மோட்டார்கள் செல்வாக்குப் பெற்றன. 2017-இல் டிராக்சஸ் நிறுவனம் டிஆர்எக்ஸ்-4 வண்டியில் போர்ட்டல் அச்சைக் கொண்டுவந்தது. சக்கரத்தின் அருகிலேயே ஒரு சோடிப் பல்சக்கரங்களை வைத்து அச்சை மேலே தூக்கும் இவ்வமைப்பு, 1940-களிலிருந்தே ஜெர்மனியின் யூனிமாக் வண்டிகளில் பயன்பட்டு வந்ததுதான். வேகக் குறைப்பின் ஒரு பகுதி சக்கரத்திலேயே நிகழ்வதால் சுழல்தண்டு தாங்க வேண்டிய விசை குறைந்தது. சட்டத்தை முறுக்கிய பழைய பிணியும் அதனோடு தணிந்தது.

பிரஷ் இல்லாத மோட்டார்கள் பந்தயத்தில் வெகு முன்னரே இடம்பிடித்தும் பாறையில் நெடுநாள் ஒதுக்கி வைக்கப்பட்டதற்குக் காரணம் உண்டு. உணரி இல்லாத அத்தகைய மோட்டாரில், காந்தம் எந்த நிலையில் நிற்கிறது என்பதைச் சுழற்சியால் எழும் எதிர்மின்னழுத்தத்தைக் கொண்டே வேகக் கட்டுப்படுத்தி அறிகிறது. நின்ற நிலையில் அம்மின்னழுத்தம் எழுவதே இல்லை என்பதால் புறப்படும்போது மோட்டார் திக்கித் துடிக்கும். காந்தத்தின் நிலையை உணரும் ஹால் உணரிகள் பொருத்தப்பட்ட மோட்டார்களும், மோட்டாரின் மூன்று கம்பிகளிலும் செல்லும் மின்னோட்டத்தைக் காந்தத்தின் நிலைக்கேற்ப இடைவிடாமல் சீரமைக்கும் புதிய கட்டுப்படுத்திகளும் இக்குறையை நீக்கின. பிரஷ் இல்லாத இம்மோட்டார்களில் கம்பிச்சுற்றுக்குப் பதிலாகக் கேவி என்னும் அளவு, அதாவது ஒரு வோல்ட்டுக்கு நிமிடத்துக்கு எத்தனை சுழற்சி என்பது, பேசப்படுகிறது. லித்தியம் பாலிமர் பேட்டரி வந்து மின்னழுத்தம் 11.1 வோல்ட்டுக்கு உயர்ந்தபோது, பழைய 27 சுற்று மோட்டாருக்கு அமைத்த கியரே மிக வேகமானதாயிற்று. ஆகவே பேட்டரியின் வோல்ட், டயரின் விட்டம், வண்டியின் எடை ஆகியவற்றை முதலில் உறுதிசெய்து, கியர் விகிதத்தை அடுத்து வகுத்து, மோட்டாரை இறுதியில் தேர்வதே சரியான வரிசை. இதைத் தலைகீழாக்கி, வலிய மோட்டாரை முதலில் வாங்கி அதற்குப் பின் கியரைத் தேடுவோர் வெப்பத்திடம் தோற்கின்றனர்: பினியனின் பற்கள் மிகுந்து சுமை ஏறினால், மெல்ல நகரும் மோட்டாரைக் குளிர்விக்கப் போதிய காற்றோட்டமும் இல்லாத நிலையில், அதன் கம்பிகளின் காப்புப் பூச்சு கருகும். ஓட்டி முடித்தபின் மோட்டாரைத் தொட்டுப் பார்த்து, விரல் வைக்க முடியாத சூடு இருந்தால் பினியனில் ஒரு பல்லைக் குறைக்கும் வழக்கம், கணக்குகள் எல்லாம் வந்த பின்னும் ஆர்வலரிடையே நிலைத்திருக்கிறது.

2020-ஐ ஒட்டி 24-இல் ஒரு பங்கு அளவில், உள்ளங்கையில் அடங்கும் பாறையேறி வண்டிகள் பெருகியபோது, அவற்றோடு வந்த சிறு மோட்டார்களின் துள்ளலில் நிறைவுறாதவர்கள் ரோபோ செய்வோர் பயன்படுத்தும் கியர் பொருத்திய மோட்டார்களையும், ட்ரோன்களுக்கென வந்த புறச்சுழலி மோட்டார்களையும் எடுத்து, அவற்றுக்கேற்ற பினியனைத் தாமே கடைந்து மாட்டத் தொடங்கினர்.