வாகன இருப்பிடங்காட்டும் கருவி

இந்தியாவில் பேருந்து, வாடகைக் கார் முதலிய பொதுச்சேவை வாகனங்களின் இருப்பிடத்தையும் வேகத்தையும் செல்பேசி வலைப்பின்னல் வழியே கண்காணிக்கும் கருவி. இதற்கான தொழில்நுட்பத் தரம் ஏஐஎஸ்-140. மத்திய மோட்டார் வாகன விதிகளின் 125எச் பிரிவு, 2019 ஜனவரி 1 முதல் பதிவாகும் இவ்வகை வாகனங்களுக்கு இதைக் கட்டாயமாக்கியது. இருசக்கர வாகனம், ஆட்டோ, மின்ரிக்‌ஷாவுக்கு விலக்கு உண்டு.

செயற்கைக்கோள் சமிக்ஞைகளிலிருந்து கருவி தன் இடத்தையும் வேகத்தையும் கணிக்கிறது; உள்ளே பதித்த சிம் அவற்றைக் கட்டுப்பாட்டு மையத்துக்கு அனுப்புகிறது. மலைப்பாதையில் டவர் கிடைக்காவிட்டாலும் தகவல் தொலையாது. குறைந்தது 40,000 பதிவுகளைச் சேமித்து வைத்து, சிக்னல் வந்ததும் அனுப்பிவிடும். வண்டியின் பேட்டரி இணைப்பை யாரேனும் துண்டித்தால், உள்பேட்டரியில் இயங்கி அதையும் தெரிவிக்கும். பயணிகளின் கைக்கெட்டும் தூரத்தில் உள்ள அவசரப் பொத்தான்களும் இதனுடன் இணைந்தவை.

வேகம் மீறினால் இது எச்சரிக்குமே தவிர, வண்டியைத் தடுக்காது. அது வேகக் கட்டுப்பாட்டுக் கருவியின் வேலை. மத்திய மோட்டார் வாகன விதிகளின் 118ஆம் விதி, பெரும்பாலான போக்குவரத்து வாகனங்களுக்கு மணிக்கு 80 கி.மீ., பள்ளிப் பேருந்துக்கு 60 கி.மீ. என வரம்பிடுகிறது. நெடுஞ்சாலையிலும் நெரிசலான கடைத்தெருவிலும் அந்த வரம்பு ஒன்றே என்பது பெருங்குறை. வரும் தகவலைப் பார்த்து உடனே நடவடிக்கை எடுக்கும் மையம் இல்லாத ஊரில், கருவி பொருத்தியதால் மட்டும் வேகம் குறையாது.