ஒரு வலி, நாலு நோய்: மூட்டு நோய்கள் பிரிந்த கதை

நம்ம ஊரில் மூட்டு வலிக்கு ஒரே ஒரு பெயர்தான்: "வாதம்". பாட்டிக்கு முட்டி தேய்ந்தாலும் வாதம், சித்தப்பாவுக்கு ராத்திரியில் கால் கட்டைவிரல் வீங்கினாலும் வாதம், முப்பது வயதுப் பெண்ணுக்கு விரல்கள் மடங்காமல் போனாலும் வாதம். கீரைக்காரம்மா எல்லாருக்கும் ஒரே முடக்கத்தான் கீரையைத்தான் கொடுப்பார்.

இது நம்முடைய அறியாமை என்று நினைத்துவிடாதீர்கள். ஐரோப்பிய மருத்துவமும் கிட்டத்தட்ட இரண்டாயிரம் வருடம் இதே நிலையில்தான் இருந்தது. கீல்வாதம் (கௌட்), முடக்குவாதம் (ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ்), மூட்டுத் தேய்வு (ஆஸ்டியோ ஆர்த்ரைட்டிஸ்), ருமாட்டிக் காய்ச்சல் என்று இன்று ஒரு எம்.பி.பி.எஸ். மாணவர் சரளமாகப் பிரித்துச் சொல்வதை, அங்கே இருந்தவர்கள் ஒவ்வொன்றாகப் பிரித்தெடுக்க பல நூற்றாண்டுகள் ஆகின. நான் மருத்துவர் இல்லை, மென்பொருள் எழுதுகிறவன். வெளியில் தெரிகிற கோளாறு ஒன்று, உள்ளே இருக்கும் காரணம் நாலு என்கிற சிக்கல் என் தொழிலில் தினசரி சமாச்சாரம். அதனாலேயே இந்தக் கதை என்னை இழுத்தது.

முதலில் பணக்காரன் வியாதி

மிகப் பழைய காலத்திலேயே தனியாக அடையாளம் தெரிந்தது கௌட்தான். காரணம் எளிது. அது சத்தம் போட்டுக்கொண்டு வரும் நோய். இரவில் நன்றாகத் தூங்கப் போனவர் விடியற்காலையில் கால் கட்டைவிரல் தீப்பிடித்த மாதிரி எழுந்திருப்பார்.

கிரேக்கர்கள் இதை 'பொடாக்ரா' என்றார்கள். காலைப் பிடிக்கும் பொறி என்று அர்த்தம். பொ.ஆ.மு. 400-ஐ ஒட்டிய ஹிப்போக்ரட்டிஸ் மரபு நூல்களிலேயே, மாதவிடாய் நிற்கும் முன் பெண்களுக்கு இது வராது என்ற கவனிப்பு இருக்கிறது. இது அசாத்தியமான கவனிப்பு. ஈஸ்ட்ரோஜன் ஹார்மோன் சிறுநீரகம் வழியாக யூரிக் அமிலத்தை வெளியேற்ற உதவுகிறது என்பது இருபதாம் நூற்றாண்டில்தான் தெரிந்தது. காரணம் தெரியாமலே பேட்டர்னைப் பிடித்துவிட்டார்கள்!

நம் பக்கமும் அப்படித்தான். சரக சம்ஹிதையில் வரும் 'வாதரக்தம்' என்ற நோய் கை கால்களில் தொடங்குவது. சொகுசாக வாழ்பவர்களைப் பிடிப்பது. அதற்கு 'ஆட்ய வாதம்' என்று இன்னொரு பெயரும் உண்டு. ஆட்ய என்றால் செல்வந்தன். இரண்டு நாகரிகங்களும் தனித்தனியாக இதைப் பணக்காரன் வியாதி என்றே பார்த்திருக்கின்றன.

ஆனால் இந்தப் பெயரே பின்னால் ஒரு பெரிய மறைப்பாக ஆகிவிட்டது. அதற்கு வருகிறேன்.

ஐரோப்பாவில் எல்லாம் 'ஒழுக்கு' என்ற கொள்கையில் அடங்கியது. உடம்பில் ஓடும் திரவங்களில் ஒன்று கெட்டு, சொட்டுச் சொட்டாக மூட்டுக்குள் இறங்குகிறது என்று நம்பினார்கள். லத்தீனில் சொட்டு என்பது 'குட்டா'. கௌட் என்ற சொல் அதிலிருந்து வந்தது. கிரேக்கத்தில் ஓடுவது 'ரியூமா'. ருமாட்டிசம் அதிலிருந்து வந்தது. ஆக இரண்டு பெயருக்குள்ளும் இருப்பது ஒரே தப்பான கொள்கை. அந்தக் கொள்கை செத்து வெகுகாலம் ஆகிவிட்டது, பெயர்கள் மட்டும் இன்னும் ஓடிக்கொண்டிருக்கின்றன.

முதல் வெட்டு

பாரிஸ் மருத்துவர் கியோம் தெ பையூ (1538-1616) எழுதிய நூல் அவர் இறந்து பல ஆண்டுகள் கழித்து 1642-ல் வெளிவந்தது. அதில்தான் 'ருமாட்டிசம்' என்ற சொல் மூட்டு நோய்க்கென்று முதலில் ஒதுக்கப்பட்டது.

அடுத்து வந்தவர் லண்டனின் தாமஸ் சிடன்ஹாம். இவர் கௌட்டைப் பற்றி எழுதியது 1683-ல். இவருக்கே முப்பது வருடத்துக்கு மேல் கௌட் இருந்தது. அதனால் அந்த விவரிப்பில் ஒரு வரிகூட புத்தகத்திலிருந்து வந்ததாகத் தெரியாது. நள்ளிரவு தாண்டி வலி தொடங்குவது, போர்வையின் பாரம்கூடத் தாங்க முடியாமல் போவது, அறையில் யாராவது நடந்தால் ஏற்படும் அதிர்வே வேதனையாவது எல்லாம் அவரே பட்டது. காய்ச்சலோடு மூட்டு மூட்டாகத் தாவும் ருமாட்டிசத்தை அவர் தனியாகவே விவரித்தார். அது இளவயதினருக்கு வருவது, கௌட் அப்படியில்லை. முதல் சுத்தமான வெட்டு இதுதான்.

அந்தத் தாவும் நோய் பிறகு ருமாட்டிக் காய்ச்சல் என்று தனியாயிற்று. லண்டனின் டேவிட் பிட்கெர்ன் அதற்கும் இதயத்துக்கும் தொடர்பு உண்டு என்று 1788 வாக்கிலேயே மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தார். குழந்தைக்குத் தொண்டைப் புண் வந்து, சில வாரம் கழித்து முட்டி வீங்கி, அது தானாகச் சரியாகிவிடும். வீட்டில் எல்லோரும் நிம்மதி அடைவார்கள். ஆனால் உள்ளே இதய வால்வு கெட்டிருக்கும். மூட்டு வலிகளிலேயே உயிருக்கு ஆபத்தான இதுதான் பார்க்க மிகச் சாதுவாக இருந்தது.

சால்பெட்ரியேரின் ஒன்பது பெண்கள்

இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இது.

1800-ஆம் ஆண்டு. பாரிஸின் சால்பெட்ரியேர் மருத்துவமனை, ஏழைப் பெண்கள் அடைக்கலமாகும் பெரிய இடம். அங்கே பணிபுரிந்த 28 வயது மருத்துவர் லாந்த்ரே-போவே தன் பட்ட ஆய்வேட்டில் ஒன்பது நோயாளிகளைப் பற்றி எழுதினார். ஒன்பது பேரும் பெண்கள். வலி ஒரு மூட்டில் நிற்கவில்லை, பல மூட்டுகளில் இருந்தது. சில நாளில் விடவில்லை, வருடக்கணக்கில் நீடித்தது. உடம்பே தளர்ந்து போனது. இது வழக்கமான கௌட் மாதிரி இல்லையே என்று அவருக்குத் தோன்றியது.

இன்று முடக்குவாதத்தின் முதல் தெளிவான மருத்துவப் பதிவாகப் பலரும் சொல்வது இந்த ஆய்வேட்டைத்தான். ஆனால் அவராலும் கௌட் என்ற சொல்லை விட முடியவில்லை. "பலவீனர்களுக்கு வரும் கௌட்" என்ற பொருளில்தான் பெயர் வைத்தார்.

அதுவரை ஏன் யாரும் கவனிக்கவில்லை? மூட்டு வலி பற்றி எழுதிய மருத்துவர்களிடம் வந்தவர்கள் பெரும்பாலும் காசு கொடுக்க முடிந்த ஆண்கள். கௌட் பணக்காரன் வியாதி என்றால், ஏழைப் பெண்ணின் விரல் வீக்கம் எந்தக் கணக்கில் சேரும்? தரவு எங்கிருந்து வந்ததோ, அந்த நோய்தான் கண்ணுக்குத் தெரிந்தது. எங்கள் துறையில் இன்று பக்கம் பக்கமாகப் பேசும் 'சாம்பிளிங்' பிரச்சினை இதேதான்.

இதைப் படித்தபோது என் அத்தை ஒருவர் நினைவுக்கு வந்தார். கை விரல் வீக்கத்துக்கு "யூரிக் ஆசிட்" என்று சொல்லி, நாலு வருடம் பருப்பும் தக்காளியும் தவிர்த்துச் சாப்பிட்டார். ஒரு கிளினிக்கிலும் யாரும் காலையில் கை எப்படி இருக்கு என்று கேட்கவில்லை. முடக்குவாதம் என்று தெரிந்தபோது விரல்கள் சுண்டுவிரல் பக்கமாகச் சாய்ந்துவிட்டிருந்தன. மருந்து வலியைக் குறைத்தது. சாய்ந்த விரல் திரும்பவில்லை. பெயர் மாறினால் என்ன பெரிய வித்தியாசம் என்று கேட்பவர்களுக்கு நான் சொல்லும் பதில் இதுதான். முடக்குவாதத்தில் ஆரம்ப மாதங்கள் தங்கம் மாதிரி.

நூலில் கோத்த கற்கண்டு

கண்ணால் பார்த்துப் பிரித்த காலம் முடிந்து, வேதியியலால் பிரித்த காலம் அடுத்து வருகிறது.

1776-ல் ஸ்வீடனின் ஷீல சிறுநீர்க் கல்லிலிருந்து யூரிக் அமிலத்தைக் கண்டுபிடித்தார். 1797-ல் வொல்லாஸ்டன் கௌட் நோயாளிகளின் தோலுக்கடியில் வரும் வெள்ளைக் கட்டியில் அதே பொருள் இருப்பதைக் காட்டினார். ஆனால் ரத்தத்தில் அது இருக்கிறதா? 1848-ல் லண்டனின் ஆல்ஃபிரட் பேரிங் காரட் இருக்கிறது என்று நிரூபித்தார்.

1854-ல் அவர் சொன்ன பரிசோதனை அவ்வளவு எளிமை. நோயாளியின் ரத்தத்திலிருந்து பிரிந்த தெளிந்த நீரை ஒரு தட்டையான கண்ணாடித் தட்டில் எடுத்து, கொஞ்சம் அசெட்டிக் அமிலம் சேர்த்து, ஒரு லினன் நூலைப் போட்டு, ஓரிரு நாள் விட்டுவிட வேண்டும். கௌட் என்றால் நூலின் மேல் யூரிக் அமிலப் படிகங்கள் ஒட்டியிருக்கும். நம்ம நூல் கற்கண்டைப் பார்த்திருப்பீர்கள் இல்லையா, அதே விஷயம்தான், நுண்ணோக்கியில் பார்க்கும் அளவில். மருத்துவ வரலாற்றின் ஆரம்பகால ரத்தப் பரிசோதனைகளில் இது ஒன்று.

நூலில் படிகம் வராத நோயாளிகளை என்ன செய்வது? 1859-ல் வெளிவந்த தன் நூலில் காரட் அவர்களுக்குப் புதுப் பெயர் கொடுத்தார்: ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ். ருமட்டாய்டு என்றால் 'ருமாட்டிசம் மாதிரி இருக்கும் ஏதோ ஒன்று'. நாங்கள் கோடு எழுதும்போது அவசரத்துக்கு 'டெம்ப்' என்று ஒரு பெயர் வைப்போம், அது பத்து வருடம் கழித்தும் அப்படியே இருக்கும். அந்த மாதிரிப் பெயர் இது. அமெரிக்க மருத்துவர்களின் சங்கம் இதை அதிகாரபூர்வமாக ஏற்றது 1941-ல்தான்.

இன்னொரு 'பரிசோதனை' மருந்து வழியாக வந்தது. கோல்சிகம் என்ற செடியின் கிழங்கு கௌட் வலியைச் சட்டென்று குறைக்கும் என்று ஆறாம் நூற்றாண்டிலேயே தெரியும். அதிலுள்ள கோல்சிசின் 1820-ல் பிரித்தெடுக்கப்பட்டது. இதில் தமிழ்நாட்டுக்கும் பங்கு உண்டு. நம் மாநில மலர் செங்காந்தளிலும் கோல்சிசின் இருக்கிறது. மூலனூர், ஒட்டன்சத்திரம் பக்கம் 'கண்வலிக் கிழங்கு' என்று பயிரிட்டு, விதையை ஏற்றுமதி செய்கிறார்கள். ஆனால் அந்தக் கிழங்கு கொடிய விஷம். வீட்டு வைத்தியம் என்று யாரும் கை வைக்க வேண்டாம்.

தேய்வு தனியானது

மிச்சம் இருந்தது வயதானவர்களின் தேய்வு. வில்லியம் ஹெபர்டன் இறந்த மறு ஆண்டு, 1802-ல் வெளிவந்த அவருடைய நூலில், விரல் நுனி மூட்டருகே பட்டாணி அளவில் வரும் கெட்டியான புடைப்புகளைப் பற்றி எழுதி, இதற்கும் கௌட்டுக்கும் சம்பந்தம் இல்லை என்று சொல்லியிருந்தார். இன்றும் அவை 'ஹெபர்டன் கணுக்கள்'தான். ஆனாலும் தேய்வும் முடக்குவாதமும் நூறு வருடம் ஒரே மூட்டையில் கிடந்தன. 1895-ல் எக்ஸ்ரே வந்ததும் நிலைமை மாறியது. ஒன்றில் எலும்பு அரிக்கப்பட்டு மெலிகிறது. இன்னொன்றில் ஓரங்களில் புதிதாக முளைக்கிறது. இரண்டும் நேர் எதிர்!

இவ்விரண்டையும் தெளிவாகப் பிரித்து 1907-ல் எழுதியவர் ஆர்ச்சிபால்ட் காரட். ஆல்ஃபிரட் காரட்டின் மகன். அப்பா ஒன்றிலிருந்து இரண்டைப் பிரித்தார். மகன் அந்த இரண்டாவதிலிருந்து மூன்றாவதைப் பிரித்தார். அப்பா இறந்ததும் அதே வருடம் டிசம்பரில்தான்.

அதன் பிறகு வேகம். 1940-ல் நார்வேயின் எரிக் வாலர், இன்று ஆர்.ஏ. ஃபேக்டர் என்று நாம் பரிசோதிக்கும் எதிர்ப்பொருளைப் பார்த்தார். 1961-ல் மெக்கார்ட்டியும் ஹாலண்டரும் மூட்டு நீரை முனைவாக்கப்பட்ட ஒளியில் வைத்து யூரேட் படிகங்களை நேரடியாகக் கண்டார்கள். அடுத்த வருடமே, கௌட் போலவே வந்தாலும் கால்சியம் படிகத்தால் வரும் 'போலி கௌட்' பிரிந்தது. முடக்குவாதத்துக்கு இன்று முதலில் தரும் மெத்தோட்ரெக்சேட் மருந்தின் வேர், சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த எல்லாப்பிரகட சுப்பாராவ் அமெரிக்காவில் தலைமை தாங்கி நடத்திய ஆராய்ச்சியில் இருக்கிறது. அது புற்றுநோய்க்காகச் செய்த வேலை. 1948-ல் இறந்துபோன அவருக்கு அது மூட்டுக்கும் உதவியது தெரியாது.

மருத்துவர் கேட்கும் கேள்விகள்

இந்த வரலாறு முழுவதும் இன்று ஒரு நல்ல மருத்துவரின் ஐந்து நிமிடக் கேள்விகளில் அடங்கியிருக்கிறது.

"வலி எப்போ ஆரம்பிச்சுது, ராத்திரி திடீர்னா?" என்றால் அது சிடன்ஹாம். ஒரே மூட்டு, அதுவும் கால் கட்டைவிரல், சில நாளில் தணிவது என்றால் கௌட் பக்கம் சந்தேகம். ரத்தத்தில் யூரிக் அமிலம் சுமார் 6.8 மில்லிகிராமைத் தாண்டினால் படிகமாகலாம்; உடம்பில் குளிர்ந்த பகுதியான கால் விரலில் அது இன்னும் சுலபம். ஆனால் வலி உச்சத்தில் இருக்கும்போது ரத்த அளவு சாதாரணமாகவும் காட்டலாம். அளவு கூடிய எல்லாருக்கும் கௌட் வருவதும் இல்லை. எண்ணை மட்டும் பார்த்து முடிவு செய்யக்கூடாது என்பது இதனால்தான்.

"காலையில எழுந்ததும் விரல் மடங்க எவ்வளவு நேரம் ஆகுது? ரெண்டு கையிலயுமா?" என்றால் அது லாந்த்ரே-போவே. ஒரு மணி நேரம்போல இறுக்கம், இரு கைகளிலும் சிறு மூட்டுகளில் வீக்கம், கூடவே அசதி என்றால் முடக்குவாதமா என்று பார்க்க வேண்டும். ஆர்.ஏ. ஃபேக்டர் இல்லை என்று வந்தாலும் நோய் இருக்கலாம்.

"நடந்தா வலிக்குதா, உட்கார்ந்தா குறையுதா?" என்றால் அது ஹெபர்டனும் மகன் காரட்டும். காலை இறுக்கம் அரை மணிக்குள் விட்டு, மாலையில் வலி கூடினால் பெரும்பாலும் தேய்வு.

குழந்தை என்றால், "கொஞ்ச நாள் முன்னாடி தொண்டை வலி வந்துச்சா?" இது பிட்கெர்ன். இந்தக் கேள்விக்கு ஆமாம் என்றால் இதயத்தையும் பார்க்கச் சொல்வார்கள்.

மருத்துவர் கேட்க மறந்தால் நீங்களே சொல்லுங்கள். வலிக்குது என்று மட்டும் சொல்லாமல், எந்த மூட்டு, எத்தனை மூட்டு, எந்த நேரம், எவ்வளவு நேரம் என்று ஒரு தாளில் எழுதி எடுத்துப் போங்கள். நோய்களைப் பிரித்தவர்கள் எல்லோரும் முதலில் செய்ததும் அதைத்தான்.