மலையப்பனுக்குப் பின் என் அம்மா

இரவு டியூட்டி முடித்து நேராக வந்து திரை முன்னால் உட்கார்ந்திருக்கிறேன். நடுவில் கொட்டாவி வந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். மெய்நிகர் அருங்காட்சியகங்கள் எல்லை கடந்த பண்பாட்டுச் சுற்றுலாவுக்கு எப்படி உதவும் என்று பேசச் சொன்னார்கள். நான் வரலாறு படித்தவள் இல்லை, நர்ஸிங் டிப்ளமாக்காரி. அதனால் எனக்குத் தெரிந்த இரண்டு ஊர்களை வைத்தே பேசுகிறேன். ஒன்று அம்மா இருக்கும் தரங்கம்பாடி. மற்றது ஜெர்மனியில் உள்ள ஹாலே.

1620இல் தஞ்சை இரகுநாத நாயக்கர் தரங்கம்பாடியில் டேனிஷ்காரர்களுக்கு இடம் கொடுத்தார், டேன்ஸ்பர்க் கோட்டை எழுந்தது. டென்மார்க் அரசர் நான்காம் கிறிஸ்டியானுக்கு நாயக்கர் தங்கத் தகட்டில் அனுப்பிய தமிழ்க் கடிதம் கோபன்ஹேகன் ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. 1706இல் சீகன்பால்க் வந்தார். தான் சேர்த்த தமிழ் நூல்களுக்கு 1708இல் ஒரு பட்டியலே எழுதினார். அவருடைய மிஷனின் ஓலைகளும் கடிதங்களும் ஹாலேயில் ஃபிராங்கே நிறுவிய அனாதை இல்ல வளாகத்துக்குப் போய்ச் சேர்ந்தன. 1845இல் டேனிஷ்காரர்கள் ஊரையே ஆங்கிலேயரிடம் விற்றுவிட்டார்கள். கோட்டை ஓரிடம், கடிதம் ஓரிடம், ஓலை ஓரிடம். மூன்றையும் ஒருவர் நேரில் பார்த்து முடிக்க எத்தனை விசா வேண்டும் என்று எண்ணிப் பாருங்கள்.

என்னை முதலில் ஹாலேக்கு இழுத்தது மருத்துவம்தான். சீகன்பால்கின் தோழர் கிரூண்ட்லர் 1711இல் தமிழ் மருத்துவத்தைப் பற்றி ஜெர்மன் மொழியில் ஒரு நூல் எழுதினார். பெயர் ‘மலபார் மருத்துவர்’. (அன்று ஐரோப்பியர் தமிழரைத்தான் மலபார்காரர் என்றார்கள். கேரளத்துத் தோழிகள் கோபிக்க வேண்டாம்.) நம் வைத்தியர்கள் நோய்களை எப்படிப் பார்த்தார்கள் என்று ஒரு பாதிரியார் உட்கார்ந்து எழுதியிருக்கிறார். வார்டில் வேலை செய்கிறவளுக்கு இது சின்ன விஷயம் இல்லை.

ஒரு விடுமுறையில் ரயில் ஏறிப் போனேன். அனாதை இல்லத்தின் மேல்மாடியில் பழைய அரும்பொருள் அறை. கூரையில் ஒரு முதலை தொங்குகிறது. அலமாரிகளில் உலகத்தின் எல்லா மூலைகளிலிருந்தும் வந்த பொருள்கள். அம்மாவை அழைத்துவர இரண்டு முறை விண்ணப்பித்தேன். இரண்டு முறையும் விசா மறுக்கப்பட்டது. திரும்பி வருவார் என்பதற்குப் போதிய ஆதாரம் இல்லையாம். அம்மாவுக்குத் தன் கோயில் மணியை விட்டு ஒரு மாதம் இருக்க முடியாது. அதை எந்தப் படிவத்தில் எழுதுவது? ஆகவே, காவலரிடம் கேட்டுவிட்டு, வீடியோ அழைப்பில் அறையைக் காட்டினேன்.

அம்மா முதலையைப் பார்க்கவில்லை. “கீழே என்னம்மா எழுதியிருக்கு?” என்றார். ஜெர்மன். நான் மொழிபெயர்த்தேன். “நம்ம ஊர்ச் சாமானுக்கு நம்ம பாஷையில எழுத மாட்டாங்களா?”

மெய்நிகர் அருங்காட்சியகம் செய்கிறவர்களிடம் நான் கேட்பதும் அதைத்தான். நூற்றுக்கணக்கான படங்களை ஒன்றின்மேல் ஒன்று படியுமாறு எடுத்து ஒரு பொருளின் முப்பரிமாண உருவத்தைக் கணினியில் கட்டிவிடலாம். ஓலையில் எழுத்து கீறப்பட்டது என்பதால், பக்கவாட்டில் வெளிச்சம் விட்டுப் படம் எடுத்தால் கீறல் துலங்கும். மிஷன் ஆவணங்கள் பலவும் ஏற்கெனவே இணையத்தில் உள்ளன. ஆனால் ஜெர்மன் தெரிந்தவருக்குத்தான் கதவு திறக்கிறது. ஹாலேயில் ஓலையைப் பார்த்தவர் டேன்ஸ்பர்க்கைத் தேடி விமானம் ஏறுவார், அவருக்கு விசா எளிது. தரங்கம்பாடியில் மீன் விற்கும் ஒரு பெண் மலிவான கைப்பேசியில் தமிழ்க் குரலோடு ஹாலேயைப் பார்க்க முடியாவிட்டால், இந்தச் சுற்றுலா ஒருவழிப் பாதைதான்.

பாதை எப்போதும் அப்படி இருக்கவில்லை. 1714இல் சீகன்பால்க் ஐரோப்பா கிளம்பியபோது மலையப்பன் என்ற தமிழ் இளைஞரும் கப்பலேறினார். ஹாலேயிலும் இருந்தார். சீகன்பால்கின் தமிழ் இலக்கணம் லத்தீனில் அங்கேதான் 1716இல் அச்சானது. இதை அந்த அறையில் நின்றபடியே அம்மாவிடம் சொன்னேன்.

“அந்தப் பிள்ளை திரும்பி வந்துச்சா?”

“வந்தாரும்மா. 1716லயே வந்துட்டார்.”

“பாத்தியா, நாங்க திரும்பி வந்துருவோம். அதை அவங்களுக்கு எழுதிப் போடு.”

மூன்றாவது விண்ணப்பத்தில் எழுதியிருக்கிறேன். பதில் இன்னும் வரவில்லை. இதற்கிடையில், கேட்டுக்கொண்டிருப்பவர்களில் பழைய ஜெர்மன் கையெழுத்து வாசிக்கத் தெரிந்தவர் யாராவது இருந்தால் சொல்லுங்கள். கிரூண்ட்லரின் முதல் பத்துப் பக்கங்களைத் தமிழில் கொண்டுவந்துவிடலாம். குரல் கொடுக்க அம்மா தயாராக இருக்கிறார்.