கட்டாயச் சேவையும் மருத்துவ ஆய்வாளர் பயிற்சியும்: அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனத்தின் இணையர் திட்டம்

ஆய்வுச் சுருக்கம்

அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனம் 1953இல் தொடங்கிய இணையர் பயிற்சித் திட்டம், இளம் மருத்துவர்களை ஆய்வாளர்களாக உருவாக்கிய முயற்சிகளுள் குறிப்பிடத்தக்கது. அதன் வெற்றியில் பயிற்சிமுறைக்கும் போர்க்காலக் கட்டாயத்திற்கும் இருந்த பங்கினையும், கட்டாயம் நீங்கிய பின் நேர்ந்த மாற்றங்களையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

குறிச்சொற்கள்: மருத்துவ ஆய்வு, இணையர் திட்டம், கட்டாய இராணுவச் சேவை, ஆய்வு அறம், 1974 சட்டம்.

முன்னுரை

நோயாளியைக் கவனிக்கும் திறனும் ஆய்வகத்தில் வினா எழுப்பி விடை காணும் திறனும் ஒருவரிடமே அமைவது அரிது. மருத்துவக் கல்வி முதலாவதைக் கற்பிக்கிறது. இரண்டாவதற்குத் தனிப் பயிற்சி தேவைப்படுகிறது. அப்பயிற்சியை அரசு பெரிய அளவில் வழங்கியதற்கு மேரிலாந்து மாநிலத்தின் பெத்தெஸ்தாவில் நிகழ்ந்த இணையர் திட்டம் சான்றாகிறது. இது பெரும்பாலும் நோபல் பரிசு பெற்றோரின் பட்டியலாகவே நினைவுகூரப்படுகிறது. அப்பட்டியலுக்குப் பின்னுள்ள நிறுவனச் சூழலே இங்கு ஆய்வுப்பொருள்.

திட்டத்தின் தோற்றம்

கொரியப் போரையொட்டி 1950இல் நிறைவேறிய சட்டம் மருத்துவர்களைக் கட்டாய இராணுவச் சேவைக்கு உட்படுத்தியது. பொதுச் சுகாதாரப் பணித்துறையில் அதிகாரியாக ஈராண்டு பணியாற்றுவதும் அக்கடமையை நிறைவேற்றியதாகக் கொள்ளப்பட்டது. தேசிய சுகாதார நிறுவனம் அப்பணித்துறையின் ஓர் அங்கம். 1953இல் அந்நிறுவனத்தின் ஆய்வு மருத்துவமனை திறக்கப்பட்டபோது அதற்கு மருத்துவர்கள் தேவைப்பட்டனர். இளம் மருத்துவர்களுக்கோ போர்க்களத்திற்கு மாற்றாக ஒரு பணி தேவைப்பட்டது. இவ்விரு தேவைகளும் இணைந்த இடத்தில் திட்டம் உருப்பெற்றது.

வியட்நாம் போர்க் காலத்தில் இத்திட்டத்திற்குப் போட்டி கடுமையாயிற்று. விண்ணப்பித்தோர் பலர், இடங்களோ சில. தேர்வுபெற்றோர் ‘மஞ்சள் தொப்பியினர்’ என எள்ளப்பட்டனர். அமெரிக்கச் சிறப்புப் படையினரின் பச்சைத் தொப்பியையும், ஆங்கில வழக்கில் கோழைமையைக் குறிக்கும் மஞ்சள் நிறத்தையும் இணைத்து எழுந்த கேலிச்சொல் அது. பின்னாளில் அவர்களுட் சிலர் அதனைப் பெருமையுடன் ஏற்றுக்கொண்டனர்.

பயிற்சியின் இயல்பு

இத்திட்டத்தின் ஆற்றல் பாடநூல்களைவிடப் பணியிட அமைப்பிலேயே மிகுதியும் தங்கியிருந்தது. நோயாளர் பகுதியும் ஆய்வகமும் ஒரே கட்டடத்தில் இருந்தன. இணையர் ஊதியம் பெறும் அதிகாரி. தனி மருத்துவத் தொழிலின் நெருக்கடி அவருக்கு இல்லை. மூத்த அறிவியலாளர் ஒருவரின் ஆய்வகத்தில் நேரடியாகச் சோதனைகளை மேற்கொள்ளும் வாய்ப்பு அவருக்குக் கிட்டியது.

டொனால்டு ஃபிரெட்ரிக்சன் 1953இல் தேசிய இதய நிறுவனத்தில் சேர்ந்த தொடக்கக்கால இணையருள் ஒருவர். பின்னர் அவர் குருதிக் கொழுப்புக் கோளாறுகளின் ஆய்வில் முன்னோடியானார். 1968இல் அங்கு வந்த ஜோசப் கோல்ட்ஸ்டீன், ஃபிரெட்ரிக்சனின் கவனிப்பில் இருந்த மரபுவழி மிகைக்கொழுப்பு நோயாளிகளைக் கண்டார். அதே காலத்தில் மார்ஷல் நிரன்பெர்க்கின் ஆய்வகத்தில் மூலக்கூறு உயிரியலையும் பயின்றார். அவருடைய நண்பர் மைக்கேல் பிரவுன், ஏர்ல் ஸ்டாட்மனிடம் நொதிவேதியியல் கற்றார். இருவரும் பின்னர் டல்லாஸில் இணைந்து, அந்நோயாளிகளின் உயிரணுக்களில் குறைபட்டிருந்த கொழுப்பேற்பியைக் கண்டறிந்து 1985இல் நோபல் பரிசு பெற்றனர். நோயாளர் பகுதியில் எழுந்த வினா ஆய்வகத்தில் கற்ற முறையால் விடைபெற்றது என்பதற்கு இது தெளிவான சான்று. ஹரால்டு வார்மஸ், இராபர்ட் லெஃப்கோவிட்ஸ் ஆகியோரும் 1968இல் அங்குச் சேர்ந்தவர்களே.

எனினும் இவ்வெற்றி முழுவதையும் பயிற்சிமுறைக்கே உரியதாகக் கொள்ள இயலாது. கட்டாயச் சேவையின் காரணமாக நாட்டின் மிகத் திறமையான மருத்துவப் பட்டதாரிகள் ஒரே வாயிலை நாடினர். தேர்ந்தெடுத்தோரின் கூர்மையும் தேர்வுபெற்றோரின் முன்திறனும் விளைவில் கலந்துள்ளன. அவற்றைத் தனித்தனியே பிரித்தறிவது கடினம்.

விடுபட்டவை

கட்டாயச் சேவை ஆண் மருத்துவர்களை நோக்கியது. ஆதலின் அதன் வழியே திறந்த இவ்வாயிலும் பெரும்பாலும் ஆண்களுக்கே பயன்பட்டது. பயிற்சிக்குப் பின் பல்கலைக்கழகத் துறைகளின் தலைமையை அடைந்தோருள் இவ்விணையர் மிகுதி என்பதால், இப்பாலினச் சாய்வு அடுத்த தலைமுறைக்கும் தொடர்ந்தது எனக் கருத இடமுண்டு.

அறம் குறித்த இடைவெளியும் கவனத்திற்குரியது. வழக்கமான சிகிச்சையிலிருந்து விலகும் ஆய்வுகளைக் குழுவாகப் பரிசீலிக்கும் விதியைப் பெத்தெஸ்தா மருத்துவமனை 1953இலேயே வகுத்தது. ஆயினும் அதே பொதுச் சுகாதாரப் பணித்துறை, 1932 முதல் அலபாமாவின் டஸ்கீகியில் மேகநோயுற்ற கறுப்பின ஆண்களுக்கு உரிய சிகிச்சை அளிக்காமலேயே ஆய்வு நடத்திவந்தது. 1972இல் செய்தித்தாள்கள் வெளிப்படுத்திய பின்னரே அது நின்றது. ஒரு கட்டடத்தின் விதி துறை முழுவதின் ஒழுக்கமாக மாறவில்லை என்பதை இது உணர்த்துகிறது.

1974ஆம் ஆண்டுச் சட்டமும் அதன் பின்னரும்

கட்டாய இராணுவச் சேவை 1973இல் முடிவுற்றது. அதே காலத்தில் நிக்சன் அரசு ஆய்வுப் பயிற்சி நிதியைப் படிப்படியாக நிறுத்த முனைந்தது. இந்நிலையில் 1974 ஜூலையில் தேசிய ஆய்வுச் சட்டம் நிறைவேறியது. அதன் ஒரு பகுதி ஆய்வாளர் பயிற்சிக்கான தேசிய உதவித்தொகையை நிறுவியது. மற்றொரு பகுதி ஆய்வுக்கு உட்படும் மனிதரைக் காக்கும் ஆணையத்தை அமைத்தது. உதவித்தொகை பெற்றவர் ஆய்வு அல்லது கற்பித்தல் பணியால் அதற்கு ஈடுசெய்ய வேண்டும் என்னும் நிபந்தனையும் இடம்பெற்றது. போர் விதித்த கடமையின் இடத்தில் நிதி விதித்த கடமை வந்தது.

ஆனால் பழைய ஈர்ப்பு மீளவில்லை. 1979இல் ஜேம்ஸ் வின்கார்டன், மருத்துவ ஆய்வாளரை அழிந்துவரும் உயிரினத்தோடு ஒப்பிட்டு எச்சரித்தார். 1990களின் இறுதியில் நோயாளர்சார் ஆய்வில் ஈடுபடும் இளையோருக்குத் தனி நல்கைகளும், 2006இல் பல்கலைக்கழகங்களுக்கான பரந்த ஆய்வு நல்கைத் திட்டமும் உருவாயின. அவை பணியாற்றும் காலத்தைக் காத்துத் தர முயன்றன.

முடிவுரை

இணையர் திட்டம் உணர்த்துவன இரண்டு. பாதுகாக்கப்பட்ட காலம், அருகிலிருக்கும் வழிகாட்டி, நோயாளர் பகுதியும் ஆய்வகமும் இணைந்த சூழல் ஆகியவை பிற இடங்களிலும் உருவாக்கத்தக்கவை. போர் அச்சத்தால் திரண்ட விண்ணப்பதாரர் கூட்டமோ அவ்வாறு உருவாக்கத்தக்கதன்று. உருவாக்க விரும்பத்தக்கதும் அன்று. ஆகவே பிற்காலத் திட்டங்களை நோபல் பரிசுகளின் எண்ணிக்கையால் அளவிடுவது வரலாற்று அடிப்படையற்றது. யார் உள்ளே வர முடிந்தது, ஆய்வுக்கு உட்பட்டோர் எவ்வாறு நடத்தப்பட்டனர் என்பனவும் பயிற்சியின் அளவுகோல்களாதல் வேண்டும். பயிற்சியையும் மனிதப் பாதுகாப்பையும் ஒரே சட்டத்தில் வைத்த 1974இன் இணைப்பு அவ்வகையில் மறுவாசிப்புக்கு உரியது.