அன்னாசித் தோட்டத்தில் இடையில் நின்ற ஒரு ஆராய்ச்சி

பங்கசு புழுப் பிடிக்கும் எண்டு சொன்னா கனபேர் நம்பமாட்டினம். ஆனால் 1888இலேயே ஜேர்மன் விஞ்ஞானி சொப்ஃப் இதை நுணுக்குக்காட்டியில் பார்த்து எழுதிவிட்டார். மண்ணில் வாழும் ஆர்த்ரோபொட்ரிஸ் என்ற பங்கசு தன் இழைகளால் சின்னச் சின்ன வளையங்கள் செய்யும். அதில் மாட்டுகிற நெமற்றோடுப் புழுவின் உடம்பைத் துளைத்து, உள்ளே வளர்ந்து, அதையே உணவாக்கிக்கொள்ளும்.

நெமற்றோடுகளில் சில வகைகள் பயிரின் வேரில் முடிச்சு முடிச்சாக வீக்கம் உண்டாக்கி விளைச்சலைக் குறைக்கின்றன. அப்ப, பங்கசை வைத்தே வயலைக் காப்பாற்ற ஏலாதா? 1930களில் ஹவாய் அன்னாசி ஆராய்ச்சியாளர் லின்ஃபோர்ட் இதைச் செய்து பார்த்தார். அன்னாசிச் செடிகளை நறுக்கி மண்ணில் கலந்தார். அது உக்கும்போது, பயிருக்குக் கெடுதல் செய்யாத நெமற்றோடுகள் பெருகின. அவற்றைப் பிடித்துத் தின்னும் பங்கசுகளும் கூடின. வேர்முடிச்சு குறைந்தது. 1937இல் இதை வெளியிட்டார். பிறகு பங்கசுகளை நேரடியாக மண்ணில் சேர்த்தும் சோதித்தார். எல்லாப் பங்கசும் ஒரே மாதிரி வேலை செய்யவில்லை. இன்னும் கன வருச வேலை மிச்சம் இருந்தது.

அந்த வேலைக்குக் காலம் கிடைக்கவில்லை. 1943இல் அதே ஹவாயில் வால்டர் கார்ட்டர் 'டி-டி' என்ற இரசாயனக் கலவையை அறிமுகப்படுத்தினார். அது ஷெல் கம்பனியின் உற்பத்தியில் மிஞ்சிய பக்கவிளைபொருள். மண்ணுக்குள் செலுத்தினால் புழு செத்தது. விலையும் மலிவு. 1950களில் டவ், ஷெல் கம்பனிகளின் 'டிபிசிபி' வந்தது. பயிர் நிற்கும்போதே பாவிக்கலாம் என்பதால் அது இன்னும் வேகமாகப் பரவியது.

டிபிசிபி எலிகளின் விதைகளைச் சுருங்கவைக்கிறது என்று 1961இலேயே ஆய்வறிக்கை வந்துவிட்டது. ஆனாலும் விற்பனை நிற்கவில்லை. 1977இல் கலிபோர்னியாவில் அதைத் தயாரித்த தொழிற்சாலை ஊழியர்கள் பலர் மலடாகியிருந்தது தெரியவந்தது. மத்திய அமெரிக்க வாழைத்தோட்டத் தொழிலாளர்களுக்கும் இதே கதிதான். 1979இல் அமெரிக்கா ஏனைய பயிர்களுக்கு அதை நிறுத்தியது. ஹவாய் அன்னாசிக்கு மட்டும் விலக்கு! அது முடிய 1985 ஆனது.

அதே 1979இல் பெரு நாட்டில் ஜதாலா என்பவரும் கூட வேலை செய்தவர்களும், நெமற்றோடு முட்டைகளையே தாக்கும் இன்னொரு பங்கசைப் பற்றி அறிவித்தார்கள். அந்த இனத்திலிருந்து செய்த தயாரிப்புகள் இன்று விற்பனைக்கு இருக்கின்றன. சேதன விவசாயிகளும் அவற்றைப் பாவிக்கிறார்கள்.

பங்கசு மட்டும் எல்லா வயலையும் காப்பாற்றியிருக்கும் எண்டு நான் சொல்லவில்லை. அது மெதுவாகத்தான் வேலை செய்யும், மண்ணுக்கு மண் பலனும் மாறும். ஆனால் "இயற்கை முறை சரிவராது, மருந்துதான் மலிவு" என்று யாராவது சொன்னால் ஒன்றைக் கேளுங்கோ: அந்த மலிவுக் கணக்கில் தொழிலாளியின் உடம்பைச் சேர்த்தவையோ?