பழைய ஆங்கிலேயச் சைக்கிளை அடையாளம் காண்பது எப்படி?

கற்பிட்டிப் பக்கம் பழைய இரும்புக் கடையொன்றில் துருப்பிடித்த சைக்கிள் ஒன்றைக் கிலோக் கணக்கில் வாங்கினேன். பெயர்த் தகடு இல்லை. மூன்று தடவை பெயின்ற் பூசியிருந்தார்கள். வாப்பா முன்சில்லுக் கவட்டைத் தடவிப் பார்த்துவிட்டு, "இது ஹம்பர்" என்றார்.

1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடக்கிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றியபோது, எருக்கலம்பிட்டி வீட்டுத் திண்ணையில் வாப்பா விட்டுவந்ததும் ஒரு ஹம்பர்தான். ஆனாலும் வாப்பாவின் ஞாபகத்தை மட்டும் நம்பாமல் ஒவ்வொன்றாகச் சோதித்தேன். இப்படியொரு வண்டி உங்கள் கோடியிலும் கிடக்கலாம் என்பதால் அந்த முறையை எழுதுகிறேன்.

ரயர் அளவு: நம்மூரில் பாரம் ஏற்றிய பெரிய சைக்கிள்களுக்கு 28 × 1½ ரயரும் கம்பிப் பிறேக்கும் இருக்கும். 'லைற் வெயிற்', 'ஸ்போர்ட்ஸ்' என்று விற்கப்பட்டவற்றுக்குப் பெரும்பாலும் 26 × 1⅜ ரயரும் கேபிள் பிறேக்கும் இருக்கும். என்னுடையது இரண்டாவது வகை.

கவடும் பற்சில்லும்: பெயர்த் தகடு தொலைந்தாலும் இவை பேசும். ஹம்பரின் முன்கவட்டில் பக்கத்துக்கு இரண்டு மெல்லிய குழாய்கள். றலியின் பெரிய பற்சில்லில் கொக்கு, றட்ஜில் கை, ஹம்பரில் ஐந்து மனித உருவங்கள்.

புரி: பெடல் அச்சு செல்லும் குழாயின் கப்பில், மற்றக் கம்பனிகள் பலவற்றுக்கு அங்குலத்துக்கு 24 புரி, றலியின் நொட்டிங்ஹாம் தொழிற்சாலை வண்டிகளுக்கு 26. ஹம்பர் சைக்கிளை றலி 1932இலும், றட்ஜை 1943இலும் வாங்கியது. ஆகவே 26 புரியுள்ள ஹம்பர் பெரும்பாலும் அதற்குப் பிந்தியது. சாதாரணக் கப் ஏறாவிட்டால் பலவந்தமாக முறுக்காதீர்கள்; புரி அழிந்தால் பிறேமே வீண்.

ஹப்: பின்சில்லில் ஸ்டேர்மி ஆர்ச்சர் மூன்று கியர் ஹப் இருந்தால் அழுக்கைத் துடைத்துப் பாருங்கள். வருடமும் மாதமும் பொறித்திருக்கும். என்னுடையதில் 52 என்றிருந்தது: 1952. ஆனால் அது ஹப்பின் வயது. சில்லு மாற்றப்பட்டிருக்கலாம்.

பெயரை மட்டும் நம்பாதீர்கள்: இந்தியாவில் அசன்சோலில் சென்-றலியும், சென்னை அம்பத்தூரில் ஹெர்குலிஸும் பி.எஸ்.ஏ.யும் செய்யப்பட்டன. தகட்டில் ஊர்ப் பெயரைத் தேடுங்கள்.

திருத்தும்போது முதல் எதிரி உப்புக் காற்று. களப்புக் கரையில் துரு வெளியே தெரியும் முன்பே குழாய்க்குள் தொடங்கிவிடும். சீற் தண்டைக் கழற்றி, வண்டியைத் தலைகீழாக்கி, உள்ளே எண்ணெய் விடுங்கள். இறுகிய கொட்டர் பின்னைச் சுத்தியலால் அடிக்குமுன் மண்ணெண்ணெயை இரண்டு மூன்று நாள் ஊறவிடுங்கள். அடிக்கும்போது அடியில் மரக்கட்டை முண்டு கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் அடி முழுவதும் போல்ஸில் விழும். முழுப் பெயின்றையும் சுரண்டாதீர்கள். மேல் பூச்சுக்கு அடியில்தான் பழைய கோடும் எழுத்தும் இருக்கும். நான் சுரண்டிய இடத்தில் பச்சை தெரிந்தது. தோல் சீற்றை எண்ணெயில் ஊறவிட்டால் தொய்ந்துவிடும்.

கடைசியாக, சீற் தண்டு செல்லும் இடத்தில் அல்லது பின்சில்லு மாட்டும் இடத்தில் உள்ள இலக்கத்தை எழுதி வையுங்கள். பெயின்ற் மாறும், சில்லு மாறும். அந்த இலக்கம் மாறாது.

இது வாப்பாவின் வண்டியா என்று அந்த இலக்கத்தால் சொல்லியிருக்கலாம். ஆனால் ஒப்பிட்டுப் பார்க்க எங்களிடம் எதுவும் இல்லை. பற்றுச்சீட்டும் வீட்டோடு போய்விட்டது. வாப்பாவிடம் கேட்டேன். "என்ர வண்டி கறுப்பு" என்றார். பிறகு பெல் இருக்கா என்று பார்த்தார். அடுத்த நாள் பள்ளிக்கு அதில்தான் போனார்.